நகர்ந்துகொண்டே இருக்கும் தொலைநோக்கியை வரைபடத்தில் எங்கே வைப்பது?

வான்வழிப் படத்தில் எண்ணிப் பார்த்தேன். 31 கிண்ணங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன், அதே 31. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான் அகஸ்டின் சமவெளியில் இருக்கும் வெரி லார்ஜ் அரே என்ற ரேடியோ தொலைநோக்கி அது. அங்கே வேலை செய்யும் ஆன்டெனாக்கள் 27, மாற்றுக்கு ஒன்று, ஆக மொத்தம் 28தான். மீதி மூன்று எங்கிருந்து வந்தன என்று புரிய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. அதற்குள் நான் வரைந்திருந்ததில் பாதி தப்பு என்பதும் புரிந்துவிட்டது.

நான் சென்னைக்காரன். வார இறுதிகளில் பொதுமக்களே கூட்டாக வரையும் திறந்த வரைபடம் ஒன்றில் தெரு, குளம், பேருந்து நிறுத்தம் என்று குறித்துக்கொண்டிருப்பவன். 2015 வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஆளாளுக்கு இணைய வரைபடத்தில் குறித்தார்களே, அப்போது தொற்றிக்கொண்ட பழக்கம். இந்த முறை வரைந்தது நம்மூர் இல்லை, ஆனாலும் இதில் கற்றுக்கொண்டது நம்மூர் வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது. அதனால் எங்கே தடுக்கினேன், எப்படித் திருத்தினேன் என்று முழுதாக எழுதி வைக்கிறேன்.

போனது எப்படி

சித்தி மகன் அல்புகர்க்கியில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க இதற்கென்று ஒதுக்கினோம். அல்புகர்க்கியிலிருந்து தெற்கே சொகோரோ 120 கி.மீ. போல, அங்கிருந்து மேற்கே யுஎஸ் 60 நெடுஞ்சாலையில் இன்னொரு 80 கி.மீ. மாக்டலீனா என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் மலைகள் விலகி ஒரு பெரிய தட்டை வெளி திறக்கிறது. பனியுகக் காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன படுகை அது. கடல் மட்டத்திலிருந்து 2,124 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். குளிர் அதேதான், பச்சை மட்டும் இல்லை. காய்ந்த புல், கம்பி வேலி, மாடுகள், அப்புறம் தூரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம். எடை அமெரிக்கக் கணக்கில் 230 டன், நம் மெட்ரிக் கணக்கில் ஏறத்தாழ 209 டன். கிட்டே போனால்தான் அளவு உறைக்கிறது. எல்லாக் கிண்ணங்களும் ஒரே நேரத்தில் ஒரே திசைக்குத் திரும்பும்போது அந்த மோட்டார் சத்தமும் காற்றும் தவிர வேறு ஒன்றும் கேட்காது. நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

ஏன் பாலைவனம் என்று கேட்பவர்களுக்கு: காற்றில் இருக்கும் நீராவி உயர் அதிர்வெண் அலைகளைக் குழப்பும், அதனால் உயரமும் வறட்சியும் வேண்டும். சுற்றி இருக்கும் மலைகள் ஊர்களிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கின்றன. ஏரிப் படுகை என்பதால் தரை தட்டை, தண்டவாளம் போடலாம். இந்த மூன்றாவது காரணம்தான் என் தலைவலிக்கும் காரணம்.

கைப்பேசி இல்லாமல் அளப்பது

பார்வையாளர் மையத்துக்குள் போகும்போதே கைப்பேசியை அணைக்க வேண்டும், அல்லது விமானப் பயணத்தில் வைப்பதுபோல அலைவரிசைகளை நிறுத்திவைக்க வேண்டும். விண்ணிலிருந்து வருவது அவ்வளவு மெலிந்த அலை. ஒரு கைப்பேசியை நிலவில் வைத்துப் பேசினால், வானத்தின் பிரகாசமான ரேடியோ மூலங்களின் வரிசையில் அது வந்துவிடும். அப்படிப்பட்ட காதுகளின் பக்கத்தில் நம் பையில் ஒன்று கத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

"ஃபோன ஆஃப் பண்ணிட்டியாடா?"

"பண்ணிட்டேன்ணா. வாட்சையும் கழட்டி கார்லயே வச்சிட்டேன்."

ஜிபிஎஸ் வெறுமனே வாங்குகிற கருவிதானே, அலைவரிசையை நிறுத்திவிட்டுத் தடம் பதிவு செய்யலாமே என்று நண்பர்கள் பிறகு கேட்டார்கள். செய்யலாம்தான். ஆனால் எந்த மின்னணுக் கருவியும் கொஞ்சம் இரைச்சலைக் கசியவிடும், எனக்கு மனசு வரவில்லை. அதனால் பழைய முறை: ஏ4 தாளில் அச்சிட்டு எடுத்துப்போன வெளிக்கோடு, அட்டை, பென்சில், ஒரு திசைகாட்டி, என் கால்கள். ஊரில் இருக்கும்போதே 400 மீட்டர் ஓட்டத்தடத்தில் நாலு சுற்று நடந்து, 100 மீட்டருக்கு எனக்கு எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருந்தேன். 131 வந்தது. அங்கே உயரத்தில் மூச்சு வாங்கியதில் எட்டு சுருங்கிவிட்டது, அதனால் பார்வையாளர் நடைபாதையில் நான் எண்ணிய தூரங்கள் எல்லாம் உண்மையைவிடக் கொஞ்சம் நீளமாக வந்தன. வீட்டுக்கு வந்து படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தேன். மலைப்பகுதியில் எட்டுக்கணக்கு போடுபவர்கள் அந்த இடத்திலேயே ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொண்டவை: பார்வையாளர் மையம், வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, அதன் ஓரத்தில் நிற்கும் பிரேஸ்வெல் ரேடியோ சூரியக் கடிகாரம், ஆன்டெனாக்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் உயரமான கொட்டகை, தண்டவாளங்கள், வேலி, வாயிற்கதவுகள். அந்தச் சூரியக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் பிரேஸ்வெல் நடத்திவந்த பழைய ரேடியோ தொலைநோக்கியின் காங்கிரீட் தூண்கள் அவை. அங்கே வந்துபோன வானியலாளர்கள் அந்தத் தூண்களில் தங்கள் பெயரை உளியால் வெட்டி வைத்தார்கள். அந்தத் தொலைநோக்கி போய்விட்டது, தூண்களை மட்டும் இங்கே கொண்டுவந்து கடிகாரமாக நட்டிருக்கிறார்கள்.

ஆன்டெனாக்கள் நிற்கும் தண்டவாளங்கள் மூன்று கைகளாகப் பிரிந்து மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஓடுகின்றன. வேலி தாண்டி உள்ளே போகக் கூடாது, போகவும் இல்லை. பொதுச் சாலையிலிருந்து தெரிந்ததை மட்டும் குறித்தேன். வடக்குக் கை யுஎஸ் 60ஐக் குறுக்கே வெட்டிப் போகிறது, அங்கே தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்தில் ஓரமாக நின்று தடத்தின் திசையை அளந்தேன்.

முதல் தப்பு: திசைகாட்டி

அந்த இடத்தில் முள் 347 பாகை காட்டியது. வடக்குக் கை என்று பெயர் வைத்துவிட்டு 13 பாகை சாய்ந்திருக்குமா? பக்கத்தில் தண்டவாள இரும்பு, அதுதான் முள்ளை இழுக்கிறது என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, குறிப்பில் அந்த எண்ணை அடித்துவிட்டேன். வீட்டில் முதல் வரைவைப் போட்டபோது கையை நேர் வடக்காக இழுத்தேன்.

சென்னையில் திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் ஒரு பாகைக்குப் பக்கம்தான், அதனால் நாம் அதை நினைப்பதே இல்லை. நியூ மெக்சிகோவின் அந்தப் பகுதியில் அது கிழக்கே சுமார் 8 பாகை. 347உடன் 8ஐக் கூட்டினால் 355. வடக்குக் கை உண்மையிலேயே வடக்கிலிருந்து 5 பாகை மேற்கே சாய்ந்துதான் இருக்கிறது. முள் சரியாகத்தான் சொல்லியது, நான்தான் நம்பவில்லை. 5 பாகை என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். கையின் வெளிமுனைக்குப் போகும்போது புள்ளி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

பெரிய தப்பு: கிண்ணத்தை வரைந்தது

இந்தத் தொலைநோக்கி ஒரு ஒய் வடிவம். மூன்று கைகள், ஒவ்வொன்றும் 21 கி.மீ. வரை. சென்னைக் கடற்கரை நிலையத்தில் ரயில் ஏறினால் திரிசூலம், பல்லாவரம் பக்கம் வருகிற தூரம். இந்தக் கைகளின் மேல் ஆன்டெனாக்கள் நிரந்தரமாக நிற்பதில்லை. ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அந்த 209 டன் கிண்ணத்தை அப்படியே தூக்கி, ஒரு பெரிய வண்டி இரட்டைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் வேறு இடத்தில் வைக்கிறது. ஏ, பி, சி, டி என்று நான்கு அமைப்புகள். ஏ மிக விரிந்தது, இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே அதிகபட்சம் 36.4 கி.மீ. பி என்றால் 11.1, சி என்றால் 3.4, டி என்றால் 1.03 கி.மீ. டி அமைப்பு முழுவதும் நம் தி.நகருக்குள்ளேயே அடங்கிவிடும்.

எதற்கு இந்தச் சிரமம்? 27 ஆன்டெனாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 351 ஜோடி. ஒவ்வொரு ஜோடியின் இடைத்தொலைவும் வானத்தின் ஒரு அளவு நுணுக்கத்தைப் பிடிக்கிறது. பூமி சுழல்வதால் அந்த ஜோடிகளின் திசை வானத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே வந்து படம் நிரம்புகிறது. தூரம் அதிகமானால் நுணுக்கம் கூடும். ஏ அமைப்பில் 43 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பார்த்தால், பெங்களூரில் ஒருவர் கையில் பிடித்திருக்கும் கிரிக்கெட் பந்தைச் சென்னையிலிருந்து ஒரு தனிப் பொருளாகப் பிரித்தறிகிற அளவுக்கு நுணுக்கம் (நானே போட்ட கணக்கு இது). ஆனால் அகலமாகப் பரந்து மங்கலாகக் கிடக்கும் வாயு மேகம் அந்த அமைப்பில் நழுவிப் போய்விடும், அதற்குக் கிண்ணங்கள் நெருங்கி நிற்க வேண்டும். அதனால்தான் மாறி மாறி.

நான் போன நாளில் கிண்ணங்கள் நெருக்கமாக நின்றன. வீட்டில் வந்து அந்த நிலைகளில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு புள்ளி வைத்து, தொலைநோக்கி, வகை ரேடியோ, விட்டம் 25 மீட்டர் என்று டேக் போட்டுப் பதிவேற்றினேன். அழகாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து வேறு ஏதோ நாட்டிலிருந்து ஒருவர், புதிய வான்வழிப் படத்தைப் பார்த்து என் புள்ளிகளை எல்லாம் வெளியே நகர்த்தியிருந்தார். கோபம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தவன் நான், படத்தைப் பார்த்தே மாற்றுகிறாரே என்று. அவரிடம் கேட்கலாம் என்று அந்தப் படத்தைத் திறந்தபோதுதான் 31 கிண்ணங்கள்.

வான்வழிப் படம் என்று நாம் பார்ப்பது ஒரே நாளில் எடுத்த ஒரே படம் இல்லை. வேறு வேறு நாள் எடுத்த துண்டுகளை ஒட்டியது. மேற்குக் கையின் குறுக்கே ஒரு ஒட்டுக்கோடு ஓடியது, புல்லின் நிறம் அந்த இடத்தில் மாறுவதைக் கவனித்தால் தெரியும். கோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு அமைப்பு, மறுபக்கம் நகர்த்திய பிறகு. சில ஆன்டெனாக்கள் இரண்டு இடத்திலும் நிற்கின்றன. ஆக அவருடைய படமும் பொய் சொல்லவில்லை, என் நேரடிப் பார்வையும் பொய் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் வரையக் கூடாத ஒன்றை வரைந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

பள்ளிக்கரணையிலிருந்து வந்த விடை

எங்கள் வரைபடக் குழு மாதம் ஒரு ஞாயிறு காலை அடையாறு பக்கம் ஒரு தேநீர்க் கடையில் கூடும். அங்கே இதைச் சொல்லி அங்கலாய்த்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பல வருடமாக வரைந்துவரும் தோழி ஒருவர் கேட்டார்: "நவம்பர்ல தண்ணி எங்க நிக்குது, மே மாசம் எங்க நிக்குது? நான் எத வரைவேன்னு நினைக்கிறீங்க?" அவர் சதுப்பின் எல்லையை ஒன்றாக வரைகிறார். மழைக்காலத்தில் மட்டும் நிற்கும் நீரைத் தனியாக, பருவ நீர் என்ற குறிப்போடு போடுகிறார். போன மாதம் பார்த்த தண்ணீர் விளிம்பை ஏரிக்கரை என்று வரைவதில்லை.

அவ்வளவுதான், எனக்குப் பிடிபட்டுவிட்டது. இங்கே மாறாதது மேடை. ஒவ்வொரு ஆன்டெனாவும் மூன்று காங்கிரீட் தூண்களின் மேல் உட்கார்கிறது. முதன்மைத் தடத்திலிருந்து செங்குத்தாக ஒரு குட்டிக் கிளைத்தடம் பிரிந்து அந்த மேடைக்குப் போகிறது. வண்டி அந்தச் சந்திப்பில் தன் சக்கரத் தொகுதிகளை 90 பாகை திருப்பிக்கொண்டு கிளைக்குள் போகும். கிண்ணம் வரும், போகும், மேடையும் கிளைத்தடமும் அங்கேயே இருக்கும். புள்ளிக்கோலத்தில் புள்ளியை வைத்துவிட்டால், அதே புள்ளிகளில் வேறு வேறு கோலம் போடலாம் இல்லையா, அதுபோல 72 புள்ளியில் நான்கு கோலம்.

அந்த 72 எப்படி வருகிறது என்பது எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. மேடைகளுக்கு எண் உண்டு, கைக்கு ஒன்றாக வடக்கு, கிழக்கு, மேற்கு என்ற எழுத்தோடு. அடிப்படைத் திட்டம் இது. ஒரு கையில் டி அமைப்புக்கு 1 முதல் 9 வரை. சி அமைப்புக்கு அதை இரட்டித்து 2, 4, 6 என்று 18 வரை. பிக்கு 4, 8, 12 என்று 36 வரை. ஏக்கு 8, 16, 24 என்று 72 வரை. ஒவ்வொன்றிலும் ஒன்பது. தனித்தனியாகக் கட்டியிருந்தால் கைக்கு 36 மேடை வேண்டும். ஆனால் 8ஆம் எண் நான்கு அமைப்புக்கும் பொது, 16 மூன்றுக்குப் பொது. பொதுவானவற்றைக் கழித்தால் கைக்கு 24, மூன்று கைக்கு 72. மையத்திலிருந்து மேடையின் தூரம் அதன் எண்ணின் 1.716ஆம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 2ஐ 1.716 அடுக்குக்கு உயர்த்தினால் 3.28 போல வரும். அதனால்தான் 36.4, 11.1, 3.4, 1.03 என்று ஒவ்வொரு அமைப்பும் முந்தியதைவிட மூன்றேகால் மடங்கு சுருங்குகிறது. 1970களில் இதை யோசித்தவர்கள் காங்கிரீட்டை எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்திருக்கிறார்கள் பாருங்கள்!

இந்த எண்கணக்கு எனக்கு ஒரு சோதனைக் கருவியாகவும் ஆனது. படத்தில் மேடை என்று நான் நினைத்துக் குறித்த ஒன்று, அடுத்தடுத்த மேடைகளின் தூர விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி.

மேடைகளின் துல்லியமான ஆயங்களை ஆய்வகமே வெளியிட்டிருக்கிறது, அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். உரிமம் தெளிவாக இல்லாத அட்டவணையைத் திறந்த வரைபடத்துக்குள் கொட்டக் கூடாது. ஒருவர் செய்தால் நாளைக்கு மொத்த வேலைக்கும் கேள்வி வரும். அனுமதி உள்ள படங்களிலிருந்து நானே வரைந்தேன், நேரம் பிடித்தது, பரவாயில்லை.

இப்போது இருப்பது

புள்ளிகளை நகர்த்திய அந்த அயல்நாட்டு நண்பருக்கு எழுதினேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றுலா போகிறவர்கள் வரைபடத்தில் கிண்ணச் சின்னத்தைத்தான் தேடுவார்கள், வெறும் மேடை அவர்களுக்கு எதற்கு என்றார். அதுவும் நியாயம். கைப்பேசி இணைப்பு சரியாகக் கிடைக்காத அந்தச் சாலையில் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். ஐந்தாறு கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு இப்படி முடிவானது: முழு வளாகத்துக்கும் ஒரே தொலைநோக்கிச் சின்னம், மையத்தில். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும் விட்டமும் அதிலேயே. 72 மேடைகளும் தனித்தனிப் புள்ளிகள், எண்ணோடு. எந்தெந்த அமைப்புகளுக்குப் பயன்படும் என்பது ஒரு டேக். கிண்ணங்கள் தனியாக வரையப்படவில்லை. திருத்த வருபவருக்கு ஒரு குறிப்பு: படத்தில் கிண்ணம் வேறு இடத்தில் தெரிந்தால் புள்ளியை நகர்த்த வேண்டாம். இரட்டைத் தடத்தை இரண்டு கோடாகவே போட்டோம், பயணிகள் ரயில் ஓடாத தடம் என்ற விவரத்தோடு. இல்லாவிட்டால் ஏதாவது ஒரு செயலி அங்கே ரயில் வசதி இருப்பதாகக் காட்டிவிடும்.

2012இல் இந்தத் தொலைநோக்கிக்குக் கார்ல் ஜான்ஸ்கியின் பெயரைச் சேர்த்தார்கள். 1930களின் தொடக்கத்தில் பால்வெளியிலிருந்து ரேடியோ அலை வருவதை முதலில் கண்டுபிடித்தவர். அவருடைய ஆன்டெனா ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள்மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ வானியல் தொடங்கியதே சக்கரத்தின் மேல்தான்.

நம் பக்கம் இந்தப் பிரச்சினை இல்லை. புனேவுக்கு வடக்கே கோடத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியும் ஒய் வடிவம்தான், 45 மீட்டர் கிண்ணங்கள் 30, ஆனால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்பவை. ஊட்டி முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எழுப்பி 1970இலிருந்து இயங்கும் தொலைநோக்கியும் அப்படியே. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மலைச்சரிவின் மேல் வடக்கு தெற்காகக் கிடக்கும் உருளை வடிவப் பரவளையம். அந்தச் சரிவும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றே, சுமார் 11 பாகை. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தைப் பின்தொடரலாம். அடுத்து அதைத்தான் வரையப் போகிறோம், குழுவில் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் யாராவது தொடங்கினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 530 என்பது சரிவின் மேல் அளந்த நீளம். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அது 520 மீட்டராகத்தான் விழும். 530க்கு இழுத்து நீட்டிவிடாதீர்கள், டேக்கில் 530 என்று எழுதுங்கள், கோடு 520இலேயே இருக்கட்டும்.